கீழ்ப்பாதையில் நின்றவன்

அன்புள்ள தினேஷுக்கு,

உன் நைனா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்குச் சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் அறையில் தண்ணீர் வரவில்லை என்று நீ வீட்டுக்காரரிடம் சண்டை போட்டதும் தெரியும். மூன்று வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத மகனைப் பற்றி இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரிந்தது, அக்கா சொல்லியிருப்பாள் என்று நினைப்பாய். அக்கா சொல்லவில்லை. நீயே என் காதில் சொன்னாய். ஞாயிறு தவறாமல் உங்கள் ஐந்து பேரில் ஐந்தாவது ஆளாக, மைக் ரிப்பேர் என்று சொல்லி வாயே திறக்காமல், கீழ்ப்பாதையில் நின்றுகொண்டு ஆடுகிறானே ராஜா அண்ணா, மாமாவோடு கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்கிறவர் என்று அக்கா சேர்த்துவிட்டாளே, அது நான்தான்.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றும். உனக்கு வந்திருப்பது என் கோபம், எனக்குத் தெரியாதா. கிழிப்பதானால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. தேவி அக்காவைத் திட்டாதே. வேண்டாம் நைனா, வேண்டாம் நைனா என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் அவள் உயிரை எடுத்துச் சம்மதிக்க வைத்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது நீ அவளுக்குப் போன் செய்தாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அங்கே இருப்பது உனக்குத் தெரியாது. "சாப்ட்டியா, மாமா எப்டி கீறாரு" என்று கேட்டாய். அடுத்தது என்னைக் கேட்பாயோ என்று ஈரக் கையோடு நின்றேன். "வெச்சுடறேங்கா, பசங்க வெயிட் பண்றாங்க, ஆட்டம் கீது" என்று வைத்துவிட்டாய். அக்காவுக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. "எங்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசறான் நைனா. அந்த ஆட்டத்துல பசங்களோட ரெண்டு மணி நேரம் பேசறான். சிரிச்சுக்கினே பேசறான்" என்றாள். நீ சிரிப்பாய் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. "அப்ப அந்த ஆட்டத்த எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். "இன்னா நைனா, வெளாட்றியா?" என்று கேட்டாள் உன் அக்கா.

நீ பாலிடெக்னிக் படிக்கும்போது ஒரு நாள் பாதி ஆட்டத்தில் உன் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன், ஞாபகம் இருக்கிறதா. "நைனா, நாலு பேரு என்ன நம்பி நிக்கறாங்க" என்று நீ கத்தினாய். "எவன் நிக்கறான்? எங்க நிக்கறான்? காட்டு பாக்கலாம்" என்றேன். உன் அம்மா அரிசியைக் கிளறிப் போனை எடுத்துத் தருவதற்குள் ஆட்டம் முடிந்து, நீ அன்றைக்கு மீன்குழம்பு வைத்த தட்டைத் தொடவே இல்லை. அந்த நாலு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். பாதியில் ஒருவன் போய்விட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்றும் தெரியும். அன்றைக்கு நான் செய்தது தப்பு.

கற்றுக்கொண்டதை என்னவென்று சொல்ல. வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன என் கட்டைவிரலை அந்தக் கண்ணாடி ஏற்றுக்கொள்ளவே இல்லை. நான் தொடுகிறேன், அது தொடவில்லை என்கிறது. அக்கா ஸ்கிரீன் கார்டைக் கழற்றி எறிந்தாள், என் விரலை வெந்நீரில் ஊற வைத்தாள். இடது விரலால் நடக்க வேண்டும், வலது விரலால் அடிக்க வேண்டும். நான் நடந்தால் அடிக்க மறந்தேன், அடித்தால் நின்றுவிட்டேன். ஆட்டத்துக்குள் நூறு விதமான ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்களில் பெரிய கேடயம் பிடித்த ஒரு குண்டனை எனக்குத் தேர்ந்து கொடுத்து, "இவன் சட்டுனு சாவ மாட்டான் நைனா, உனக்கு இவன்தான் சரி" என்றாள். அவனும் செத்தான். ஒரே ஆட்டத்தில் பதினோரு தடவை செத்தான். கம்ப்யூட்டரோடு ஆடும் பயிற்சி ஆட்டத்திலேயே இந்தக் கதி. பக்கத்து வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்து, "பெரியவருக்குக் கண்ணுல இன்னா கோளாறு, இப்டி மொறைக்கிறாரு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் நிர்மலா இதைப் படிக்கக் கூடும், அவளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர், பக்கத்துக்கு ஒரு கோட்டை. நடுவே மூன்று பாதை, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. பாதையில் நிற்கும் கோபுரங்களை இடித்துக்கொண்டே போய் எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். திரையின் மூலையில் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் சின்ன வரைபடம் ஒன்று உண்டு. அதைப் பார், அதைப் பார் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் என் ஆளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு உன்னிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். முதல் நாள் ஹெட்செட்டில் உன் குரல் கேட்டது. "ராஜா அண்ணா, புதுசுனு அக்கா சொல்ச்சு. டென்ஷன் ஆவாதீங்க. நானும் மொதல்ல கேவலமாத்தான் ஆடினேன்" என்றாய். நான் தப்பான பொத்தானை அழுத்தினேன். நீ மறுபடி சொன்னாய். மறுபடியும் தப்பு செய்தேன். "பரவால்ல ணா, உஷாரா பாருங்க, அந்தப் புதருக்குள்ள ஆள் ஒளிஞ்சிருப்பான்" என்று மூன்றாவது தடவையும் அதே குரலில் சொன்னாய். உன் கூட்டாளி கார்த்தி, இந்த ஆளால்தான் தோற்கிறோம் என்று முனகினான். "கத்துக்கறாரு மச்சான், உடு" என்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்குப் பதிமூன்று வயதில் வலை கட்டக் கம்பு நடச் சொல்லிக் கொடுத்தேன். நீ சாய்த்து நட்டாய். இரண்டாவது தடவையும் சாய்ந்தது. படகில் இருந்த எல்லார் முன்னாலும் ஈரக் கயிற்றால் உன் முதுகில் ஒன்று வைத்தேன். "இது மீன்புடிக்கிறவன் வூட்ல பொறந்த கையா" என்று கேட்டேன். யாரோ ஒருவன் என்று நினைத்து நீ என்னிடம் காட்டிய பொறுமையில் கால்வாசியைக்கூட, என் மகன் என்று தெரிந்தும் உன்னிடம் நான் காட்டவில்லை. உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு எதையாவது கற்றுக்கொடுக்கும்போது, ராஜா அண்ணாவிடம் பேசிய குரலில் பேசு.

இனி என் பெரிய தப்புக்கு வருகிறேன். இதுவும் நிர்மலாவுக்காக ஆதியிலிருந்து. நம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் விழுந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இந்தப் படகுக்கு, நாளைக்கு அந்தப் படகுக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவனுடைய முறை நாளில் இன்னொருவன் அந்த இடத்தில் கம்பு நடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. உன் முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். பத்தாவது வரை படித்தவன், ஊருக்கு மனு எழுதுகிறவன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த முறை நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதை நான்தான் எழுதுகிறேன். என் முறையை ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. ஒருத்தனையும் மீற விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

"ராஜா அண்ணா, நீங்க கீழ்ப்பாதை பாத்துக்குங்க" என்று நீ சொன்னதும் என் மண்டைக்குள் சீட்டு விழுந்துவிட்டது. கீழ்ப்பாதை என் பாடு, அவ்வளவுதான். கார்த்தி உதவிக்கு என் பாதைக்குள் வந்தால், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஒதுங்கி நின்று அவன் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நடுப்பாதையில் உன்னை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு அடிப்பார்கள். "ராஜா அண்ணா வாங்க, வாங்க, வாங்க" என்று நீ கூப்பிடுவாய். நான் வரவில்லை. பயமும் இல்லை, சோம்பலும் இல்லை. நடுப்பாதை உன்னுடைய பாடு, அதில் எனக்குக் கால் வைக்க உரிமை இல்லை என்று என் கோபுரத்தடியில் நின்றேன். என் கோபுரம் கடைசிவரை இடியாமல் இருந்தது. நம் கோட்டை இடிந்து தோற்றோம். அப்படி நாலு வாரம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பாடுதான் என்பது என் புத்திக்கு ஏறவே இல்லை.

அப்படித் தோற்ற ஒரு ஞாயிறு, அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் நீ சொன்னாய், கோபமில்லாமல்தான் சொன்னாய்: "இன்னா ணா, கூப்ட்டா வரவே மாட்டேங்கறீங்க. எங்க நைனாகூட ஆட்ற மாதிரியே கீது." கார்த்தி சிரித்துவிட்டு, "உங்க நைனா கேம்லாம் ஆடுவாரா?" என்று கேட்டான். "இல்ல மச்சான்" என்றாய். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. என் ஆள் கோட்டை வாசலிலேயே நின்றான். நான் போனைத் தரையில் வைத்துவிட்டு அக்கா வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாளும் நம் பாடு. மத்தியானம் ஒரு மணி இருக்கும். வலை கட்டிவிட்டு மணல்திட்டில் உட்கார்ந்திருந்தோம். நீ மூன்று தடவை போன் செய்தாய். முதல் தடவை, "நைனா, அம்மா நெஞ்சு வலிக்குதுனு சொல்து, வா" என்றாய். "கேஸா இருக்கும், சோடா வாங்கிக் குடு" என்றேன். இரண்டாவது தடவை, "வேர்த்து ஊத்துது நைனா, எனக்குப் பயமா கீது, நீ வா" என்றாய். "தண்ணி ஏறட்டும், வந்துடறேன்" என்றேன். மூன்றாவது தடவை நான் எடுக்கவில்லை. நான் கரை சேர்ந்தபோது வீடு திறந்து கிடந்தது. நீ ஆட்டோ பிடித்துத் தனியாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறால் வாடை அடிக்கும் சட்டையோடு வந்து நின்ற என்னை ஒரு தடவை பார்த்து முகத்தைத் திருப்பினாய். காரியம் முடிந்த மறுநாள் ஒசூருக்குக் கிளம்பிவிட்டாய்.

தண்ணீர் வற்றியிருந்தது, படகு தரை தட்டிவிட்டது, அதனால்தான் வர முடியவில்லை என்று ஊரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. நான் உன்னோடு பேசியதை நம் படகில் கூட வரும் ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தான். "பையன் சும்மா கூப்ட மாட்டான் ண்ணே. ஏறு, உன்ன கரைல உட்டுட்டு வரேன். இருபது நிமிஷம். வலைய இவங்க பாத்துக்குவாங்க" என்றான். நான் எழுந்துகூட நின்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். முறை நோட்டு எழுதுகிறவனே பாதியில் எழுந்து போனால் நாளைக்கு எவனிடம் போய் முறை பேசுவது என்று நினைத்தேன். இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்தது, அதுவும்தான். ஏழுமலை இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரே படகில்தான் போகிறோம். அந்த இடம் வந்தால் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். நான் அப்போதே வந்திருந்தால் உன் அம்மா பிழைத்திருப்பாள் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஓடுகிற ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ தனியாக உட்கார்ந்திருக்க மாட்டாய்.

எங்க நைனா மாதிரி என்று நீ சொன்னதற்கு அடுத்த ஞாயிறும் நான் ஆட்டத்துக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் மூலை வரைபடத்தில் உன் பச்சைப் புள்ளியைச் சுற்றி மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தன. நீ அன்றைக்கு என்னைக் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று விட்டிருப்பாய். நான் கீழ்ப்பாதையை விட்டுவிட்டு ஓடி வந்தேன். காட்டுக்குள் வழி தெரியாமல் ஒரு தடவை சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். வந்து சேர்ந்து உனக்கும் அவர்களுக்கும் நடுவில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டேய், ராஜா அண்ணா வந்துட்டாருடா!" என்று நீ கத்தினாய். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சந்தோஷத்தை உன் குரலில் கேட்டு. நீ தப்பித்தாய். என் ஆள் செத்தான், அங்கே என் கோபுரமும் இடிந்தது. "செத்தா பரவால்ல ணா, நீங்க வந்தீங்களே, அதே போதும். இதோ, அரை நிமிஷத்துல திரும்பி வந்துடுவீங்க" என்றாய். திரை சாம்பல் நிறமாகி, எண்கள் குறைந்துகொண்டே வந்து, என் ஆள் கோட்டை வாசலில் மறுபடி எழுந்து நின்றான். உன் அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதேன். நல்லவேளை, மைக் ரிப்பேர்.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப் போட்டேன். உன் குரலை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்பது எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. போன ஞாயிறு அந்தச் சளிக் குரலோடு நீ சொன்னாய், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை ஒசூரில் கோயிலில் வைத்துக் கல்யாணம், கூட வேலை செய்கிற நிர்மலா என்கிற பெண் என்று. எல்லாரும் கத்தினார்கள். கார்த்தி, "வூட்ல வராங்களா?" என்று கேட்டான். "அக்கா, மாமா வராங்க" என்றாய். பிறகு, "ராஜா அண்ணா, நீங்களும் கண்டிப்பா வரணும். அக்காகூட வந்துடுங்க. உங்க மூஞ்சியப் பாக்காமலே இவ்ளோ நாள் ஆடிட்டோம்" என்றாய். அக்காதான் என் கையிலிருந்து போனை வாங்கி, சரி தம்பி என்று அடித்து அனுப்பினாள். உன் கல்யாணச் செய்தியை அவளிடம் நீ முன்பே சொல்லியிருக்கிறாய். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பத்து நாளாக அவள் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ராஜா அண்ணா உன் கல்யாணத்துக்கு வரமாட்டான். அப்படி ஒரு ஆள் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்து உன் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் நீ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பும்படி ஆகக் கூடாது. அதனால்தான் அந்த ஏழுமலை விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இதைத் தெரிந்துகொண்டு நீ என்னை அதிகமாக வெறுக்கலாம். தெரியாமல் மன்னிப்பதைவிட அது மேல் என்று நினைக்கிறேன். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிர்மலா உன்னைக் கூப்பிடும்போது கையில் என்ன வேலை இருந்தாலும் எழுந்து போ. போய்ப் பார்த்து அது வெறும் கேஸ்தான் என்றால், இரண்டு பேருமாக உட்கார்ந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு மூன்று மணிக்கு நான் வழக்கம்போல இருப்பேன். மைக் போட்டிருப்பேன். நீ சேர்த்துக்கொண்டால் ஆடுகிறேன், திட்டினால் கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் என்னை நீக்கிவிட்டாலும் சரி. உன் கல்யாணத்துக்கு நைனாவைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம், அதில் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நேற்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை என் முறை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக நம் படகுக்கு நேரே இருந்த என் பெயரை நானே அடித்துவிட்டு ஏழுமலையின் பெயரை எழுதினேன். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அன்றைக்கு நான் ஏரியில் இருக்க மாட்டேன். முந்தின நாளே பொன்னேரிக்கு வந்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

உன் நைனா